வேப் அடிச்சா கம்பெனி இன்சூரன்ஸ்ல சிக்கல் வருமா? குன்னூர்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ரொம்ப வருஷமா இன்சூரன்ஸ் பாத்துட்டு இருக்கேன். முன்னெல்லாம் வர்றது எஸ்டேட் ஸ்டாஃப், அருவங்காடு ஃபேக்டரி ஆளுங்க, வெலிங்டன்ல ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரங்க, கேள்வியும் சுகர் பிரஷர் பத்தித்தான் இருக்கும். கொரோனாக்கு அப்புறம் பெங்களூர் கம்பெனிக்கும் அமெரிக்கா கம்பெனிக்கும் வீட்ல இருந்தே வேல பாக்குற பசங்க நிறைய மேல வந்துட்டாங்க. போன மாசம் பேக்கரி வாசல்ல டீ குடிச்சுட்டு நிக்கறேன், மிஸ்ட் நல்லா இறங்கியிருந்துச்சு, பக்கத்துல ஒரு தம்பி ஜெர்கின் கைக்குள்ள பென்டிரைவ் மாதிரி ஒண்ண, வேப்னு சொல்ற இ-சிகரெட்ட, மறைச்சு வச்சு இழுக்கறான், வந்தது புகையா மிஸ்டான்னே தெரியல, மாம்பழ வாசனை மட்டும் வந்துச்சு. "அண்ணா, இது சிகரெட் இல்லல்ல, இன்சூரன்ஸ்ல சொல்லணுமா?"ன்னு கேட்டான். அவன் கேட்டது, அவன் ஃப்ரெண்ட்ஸ் கேட்டது, அவங்க வீட்டு ஆளுங்க கேட்டது எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன்.

வேப்பும் சிகரெட்டும் இன்சூரன்ஸ்ல ஒண்ணா வேறயா?

கேள்வி கேக்கற இடத்துல பெரும்பாலும் ஒண்ணுதான். புகை வருதா ஆவி வருதான்னு அவங்களுக்குக் கவலை இல்ல, ரத்தத்துல நிக்கோட்டின் ஏறுதாங்கறதுதான் கணக்கு. "வேப் சிகரெட்ட விடக் கெடுதல் கம்மி"ன்னு இங்கிலாந்துல அரசாங்க சுகாதாரத்துறையே 2015ல சொல்லுச்சு, ஆனா அதே இங்கிலாந்துல லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனிங்க பெரும்பாலும் வேப் அடிக்கறவங்களையும் ஸ்மோக்கர் ரேட்லதான் போடறாங்க. சிகரெட்டுக்கு பல வருஷ சாவுக் கணக்கு கையில இருக்கு, வேப்புக்கு அவ்வளவு வருஷமே ஆகல, அதனால ரேட்டக் குறைக்க அவங்களுக்கு மனசு வரல.

எங்க கம்பெனி குரூப் பாலிசில இதப்பத்தி யாருமே கேக்கலயே?

கேக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல கம்பெனி குரூப் பாலிசி எப்படி ஓடுதுன்னு புரிஞ்சா பாதி சந்தேகம் போயிரும். எச்ஆர் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்புவாங்க, அதுல பேரு, வயசு, ஆணா பொண்ணா, சேர்ந்த தேதி, பொண்டாட்டி புள்ளைங்க விவரம், அவ்வளவுதான். தனித்தனி ஃபார்ம் கிடையாது, மெடிக்கல் டெஸ்ட் கிடையாது. பிரீமியம் மொத்தக் கூட்டத்தோட வயசையும் போன வருஷம் எவ்வளவு கிளெய்ம் ஆச்சுங்கறதையும் வச்சுத்தான் போடறாங்க. ஏற்கனவே இருக்கற வியாதிக்கான காத்திருப்பு காலத்தையும் (அது முடியற வரைக்கும் அந்த வியாதிக்குப் பணம் வராது) குரூப் பாலிசில பெரும்பாலும் எடுத்துடறாங்க. அதனால ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதறவரும், வேப் அடிக்கறவனும், டீய மட்டும் குடிக்கறவரும் அங்க ஒரே ரேட்டுதான். இது நியாயமான்னு எங்கிட்ட கேட்டா, டீ குடிக்கறவர் பக்கம் நின்னு பாத்தா கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, ஆனா கூட்டமா சேர்ந்து எடுக்கறதுல இப்படித்தான் வரும்.

அப்போ எங்கயும் சொல்லவே வேணாம்னு வச்சுக்கலாமா?

அதுக்குள்ள சந்தோஷப்படாதீங்க. அதே கம்பெனி வழியாவே மூணு இடத்துல கேள்வி வரும். கம்பெனி கவருக்கு மேல நீங்களா காசு கட்டி எடுக்கற டாப்-அப், அதுல ஹெல்த் டிக்ளரேஷன் கேட்டா. குரூப் டேர்ம் லைஃப், அதாவது ஆள் போயிட்டா குடும்பத்துக்குப் பணம் வர்ற பாலிசி, அதுல ஃப்ரீ கவர் லிமிட்னு ஒண்ணு இருக்கும், அதுவரைக்கும் கேள்வி இல்ல, சம்பளம் ஜாஸ்தியாகி கவர் அதத் தாண்டுச்சுன்னா ஃபார்மும் டெஸ்ட்டும் வந்துரும். மூணாவது அப்பா அம்மாவ சேக்கும்போது சில கம்பெனில தனி ஃபார்ம் வைக்கறாங்க. எங்க கேள்வி இருக்கோ அங்க உண்மைய எழுதணும், எங்க கேள்வியே இல்லயோ அங்க நீங்களா போயி ஒப்பிச்சுட்டு வரணும்னு இல்ல. "புகையிலை அல்லது நிக்கோட்டின் ஏதாவது வடிவத்தில்"னு கேட்டிருந்தா வேப்பும் அதுலதான் வரும், ஹான்ஸும் அதுலதான் வரும், வெத்தலையோட போடற புகையிலயும் அதுலதான் வரும். நம்ம பாட்டிங்க பாதிப்பேர் அதுல மாட்டுவாங்க.

இந்தியாவுலதான் வேப்புக்குத் தடையாச்சே, தடை செஞ்ச பொருள உபயோகிச்சேன்னு கிளெய்ம மறுத்துருவாங்களா?

நல்ல கேள்வி, இதக் கேட்டது ஒரு வக்கீலோட பையன். தமிழ்நாட்டுல 2018லயே தடை வந்துச்சு, 2019 செப்டம்பர் 18ஆம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பர்லயே அது முழுச் சட்டமாச்சு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிச்சு வைக்கறது எல்லாமே குத்தம். விக்கறவன் மொதத் தடவ மாட்டுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும், சேமிச்சு வச்சிருந்தா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 50,000 வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும். ஆனா அடிக்கறதுக்குன்னு தனியா ஒரு தண்டனைப் பிரிவு அந்தச் சட்டத்துல கிடையாது.

பாலிசி பக்கம் வந்தா, ஹெல்த் பாலிசில விலக்குகளுக்கு, அதாவது எதுக்கெல்லாம் பணம் தர மாட்டாங்கங்கறதுக்கு, ஒரே மாதிரி நம்பர் போட்டிருப்பாங்க. 10ஆவது விலக்கு, குற்ற நோக்கத்தோட சட்டத்த மீறும்போது அதனாலயே நேரா வந்த சிகிச்சைக்குப் பணம் இல்லைங்கறது. வேப் அடிச்சு இருமல் வந்தவன இதுக்குள்ள இழுக்கறது கஷ்டம்னுதான் எனக்குப் படுது. எனக்கு அதவிட பயம் 12ஆவது விலக்குதான்: குடி, போதைப்பொருள், அடிமைப் பழக்கம், அதோட விளைவுகளுக்கான சிகிச்சை. குரூப் பாலிசில இத எவ்வளவு தளர்த்தியிருக்காங்கன்னு பாலிசி பேப்பர்லதான் தெரியும், எச்ஆர்கிட்ட அந்தப் பக்கத்தக் கேட்டு வாங்குங்க, அவங்க வழக்கமா அனுப்பற கலர் கலரான பிரசன்டேஷன்ல இது இருக்காது.

இன்னொண்ணு, நிக்கோட்டினே இல்லாத வேப்னு சொல்லித் தப்பிக்கற ஐடியா இருந்தா விட்டுருங்க. சட்டத்தோட விளக்கத்துலயே "நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாட்டியும்"னு போட்டுருக்கு. ஹோம்ஸ்டே நடத்துறவங்களுக்கு ஒரு வார்த்த, கெஸ்ட் மறந்து வச்சுட்டுப் போனத "அடுத்த தடவ வந்தா குடுப்போம்"னு அலமாரில சேத்து வைக்காதீங்க.

அப்பா முப்பது வருஷமா பீடி. என் கம்பெனி பாலிசில அவரச் சேத்திருக்கேன். மூச்சுத்திணறல்னு அட்மிட் பண்ணா பணம் வருமா?

பெரும்பாலும் வரும். ஆனா வர்ற வழியில ஒரு கல்லு கிடக்கும், அதச் சொல்லியே ஆகணும்.

கோத்தகிரி பக்கத்துல ஒரு சிறு தேயிலை விவசாயி, எனக்குத் தெரிஞ்சவர்தான். ஜனவரில உறைபனி கொட்டற நேரம், காலைல நாலு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு, மகன் ஒரு பொள்ளாச்சி டாக்ஸிக்காரன எழுப்பி கீழ கோயம்புத்தூருக்கு இறக்கிட்டான். எமர்ஜென்சில இருந்த சின்ன டாக்டரம்மா ஸ்டெத்த வச்சுட்டே கேட்டாங்க, "ஐயா பீடி பழக்கம் இருக்கா, எவ்வளவு நாளா, ஒரு நாளைக்கு எத்தன?" இவரு மூச்சு வாங்கிட்டே கைய விரிச்சு ரெண்டு தடவ காமிச்சாரு. பத்துங்கறாரு. அவங்க கேஸ் ஷீட்ல எழுதினது ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். எத்தன வருஷம்னு கேட்டதுக்கு மகன் "சின்ன வயசுல இருந்தே"ன்னான், அது நாப்பது வருஷம்னு ஆச்சு. நாலாம் நாள் டிஸ்சார்ஜ், பில்லு டிபிஏக்கு (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம் பாக்கற ஏஜென்சி) போச்சு, அங்க இருந்து கேள்வி வந்துச்சு, பழக்கம் எப்போ ஆரம்பிச்சது, இதுக்கு முன்னாடி மூச்சுக்கு எங்க பாத்தீங்க, பழைய சீட்டெல்லாம் அனுப்புங்கன்னு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பில்லிங் கவுன்டர்ல உக்காந்திருந்தாங்க. கடைசில டாக்டர்கிட்ட திருத்தி எழுதி சீல் வாங்கிக் குடுத்தப்புறம் பாஸ் ஆச்சு, கோ-பேன்னு, அதாவது பில்லுல நம்ம பங்குன்னு, 20 சதவீதம் இவங்க கட்டுனாங்க, பெத்தவங்களுக்கு அந்தப் பாலிசில அப்படித்தான் போட்டிருந்தது.

ரெண்டு விஷயம் இதுல இருக்கு. பீடி குடிக்கறதே ஒரு வியாதி கிடையாது, அதனால அத "ஏற்கனவே இருந்த வியாதி"ன்னு சொல்ல முடியாது. அதனால வந்த நுரையீரல் கோளாற முன்னாடியே டாக்டர் கண்டுபிடிச்சு சீட்டுல எழுதியிருந்தாத்தான் அது அந்தக் கணக்கு. அடுத்தது, அட்மிஷன் நேரத்துல வாய்ல வர்றதெல்லாம் எழுத்தாயிரும். பொய் சொல்லச் சொல்லல, டாக்டர்கிட்ட பொய் சொன்னா உசுருக்கு ஆபத்து. சரியான எண்ணிக்கையச் சொல்லுங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய வாங்குன உடனே வண்டில ஏறாம அங்கயே நின்னு படிங்க. தப்பா இருந்தா அப்பவே திருத்தச் சொல்லுங்க, மல ஏறுனப்புறம் ஒரு கையெழுத்துக்காகத் திரும்ப இறங்கறது எவ்வளவு நொச்சுன்னு மேட்டுப்பாளையம் ரோட்டுல மாட்டுனவங்களுக்குத் தெரியும்.

என் கம்பெனி அமெரிக்கா கம்பெனி, அங்க ஸ்மோக்கருக்கு எக்ஸ்ட்ரா காசு பிடிக்கறாங்களாமே?

ஆமா, ஆனா உங்க பேரோல் இந்தியாவுல இருந்தா அது உங்களுக்கு இல்ல. அங்க போயி வேல பாக்குற உங்க அக்காக்கோ மாமாக்கோ பொருந்தும், கேட்டீங்கன்னா சொல்றேன்.

அங்க ரெண்டு தனித்தனி கணக்கு ஓடுது, நிறைய பேர் குழப்பிக்கறாங்க. தனியா வாங்கற பாலிசிக்கும் சின்னக் கம்பெனி பாலிசிக்கும், 2010ல வந்த ஒபாமா சட்டப்படி, புகையிலை உபயோகிக்கறவங்ககிட்ட ஒன்றரை மடங்கு வரைக்கும் பிரீமியம் வாங்கலாம், 2014ல இருந்து நடைமுறைல இருக்கு. யாரு புகையிலை உபயோகிக்கறவருன்னா, கடைசி 6 மாசத்துல சராசரியா வாரத்துக்கு 4 தடவயோ அதுக்கு மேலயோ, சடங்குக்காக உபயோகிச்சா கணக்கில்ல. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாதிரி சில மாநிலங்கள்ல இந்தக் கூடுதலே கூடாதுன்னு வச்சிட்டாங்க.

பெரிய கம்பெனிகள்ல வேற ரூட்டு. அங்க "வெல்னஸ் புரோக்ராம்"னு பேரு வச்சு மாசாமாசம் சம்பளத்துல சர்சார்ஜ்னு கூடுதல் காசு பிடிப்பாங்க. 2013 விதிப்படி ஒரு ஆளுக்கான கவரேஜோட மொத்தச் செலவுல, அதாவது கம்பெனி போடறதும் ஊழியர் போடறதும் சேத்து, 50 சதவீதம் வரைக்கும் போகலாம். பேச்சுக்கு மாசம் 600 டாலர் மொத்தச் செலவுன்னா 300 வரைக்கும் சட்டம் விடுது, எல்லாரும் அவ்வளவு போடறதில்ல. இதுல முக்கியமானது எதுன்னா, சும்மா தண்டம் போட்டுட்டு விட முடியாது, பழக்கத்த விட முடியாதவங்களுக்கும் ஒரு மாற்று வழி குடுக்கணும், விடறதுக்கான வகுப்பு மாதிரி. அந்த வகுப்ப முடிச்சுட்டா, நீங்க இன்னும் ஊதிட்டே இருந்தாலும், அந்த வருஷத்தோட முழுச் சலுகையும் குடுத்தாகணும். இத எழுத்துல சொல்லாம விட்ட கம்பெனிங்க மேல ஊழியர்கள் அங்க கேஸ் போட்டுட்டு இருக்காங்க. அதனால உங்க அக்காகிட்ட சொல்லுங்க, சர்சார்ஜ் கட்டறதுக்கு முன்னாடி மாற்று வழி என்னன்னு எச்ஆர்கிட்ட கேக்கச் சொல்லி.

அந்த அமெரிக்கா ஃபார்ம்ல வேப்னு பேரே இல்ல, டிக் அடிக்காம விடலாமா?

2016ல அங்க எஃப்டிஏ, அதாவது உணவு மருந்து கட்டுப்பாட்டுத் துறை, வேப்பையும் புகையிலைப் பொருள் பட்டியல்ல சேத்துருச்சு. "இது புகையிலைல இருந்து எடுக்கல, லேப்ல செஞ்ச நிக்கோட்டின்"னு சில கம்பெனிங்க சந்துல புகுந்தாங்க, 2022ல அந்தச் சந்து வழியையும் அடைச்சாச்சு. ஆனா கம்பெனியோட சர்சார்ஜுக்கு அந்தக் கம்பெனி பிளான்ல எழுதியிருக்கற விளக்கம்தான் முதல்ல பாக்க வேண்டியது. பல ஃபார்ம்ல இப்போ இ-சிகரெட்னு நேராவே போட்டுடறாங்க. போடாத ஃபார்மா இருந்தா மெயில்ல கேட்டு பதில வச்சுக்கங்க. டிக் அடிக்காம விட்டு அப்புறம் மாட்டுனா அது பொய்யான உறுதிமொழி, அதுல வேலைக்கே ஆபத்து வரலாம்.

டெஸ்ட் வச்சா ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தினா போதுமா?

போதாது தம்பி. அவங்க நிக்கோட்டினத் தேடறதில்ல, அது ரெண்டு மணி நேரத்துல பாதியா குறைஞ்சுரும். உடம்பு அத உடைச்சு உண்டாக்கற கோட்டினின்னு ஒண்ணு இருக்கு, அது பாதியாகறதுக்கே ஏறக்குறைய 16 மணி நேரம், யூரின்ல பல நாள் நிக்கும், நிறைய அடிக்கறவங்களுக்கு ஒரு வாரத்தையும் தாண்டும். வேப்ல இருந்து வந்ததா கோல்டு ஃபில்டர் சிகரெட்ல இருந்து வந்ததான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது.

நான் விடறதுக்காக நிக்கோட்டின் கம் மெல்றேன், அதுலயும் பாசிட்டிவ் வருமா?

வரும். பாவம்தான், ஆனா வரும். முன்கூட்டியே எழுதிக் குடுங்க, டாக்டர் சீட்டு இருந்தா அதையும் வைங்க. 2 மில்லிகிராம் கம் மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே கிடைக்கறதால யாரும் சீட்டு வாங்கறதில்ல, இந்த விஷயத்துல வாங்கி வச்சுக்கறது நல்லது. விடறதுக்கு ஆள் வேணும்னா 1800-11-2356, தேசிய குவிட்லைன், காசில்ல, தமிழ்லயும் பேசுவாங்க.

வேப்னால நுரையீரல் கெட்டா அந்தச் சிகிச்சைக்கு கவர் இருக்கா?

ஆஸ்பத்திரில சேந்தா வியாதிக்குத்தான் கவர், காரணம் அப்புறம்தான். 2019ல அமெரிக்காவுல வேப் அடிச்சவங்க கூட்டம் கூட்டமா நுரையீரல் வெந்து போய் அட்மிட் ஆனாங்க, 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர், 68 சாவு. அதுல பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவத்துல சேத்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊர் சிக்கல் என்னன்னா, இங்க விக்கறது மொத்தமும் கள்ளச்சந்தை, டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது, டாக்டர் கேட்டா உங்களுக்கும் சொல்லத் தெரியாது. கேஸ் ஷீட்ல "அடையாளம் தெரியாத பொருள உறிஞ்சியவர்"னு எழுதிட்டா, அங்கதான் அந்த 12ஆவது விலக்க டிபிஏ கையில எடுப்பான். சிகரெட் அடிச்சவனுக்கு இந்தத் தலைவலி வராது, இந்த ஒரு இடத்துல வேப்பு சிகரெட்ட விட மோசம்னு தயங்காம சொல்வேன்.

வேலைய விட்டா என்ன ஆகும்?

குரூப் கவர் கடைசி வேல நாளோட போச்சு. இதுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் தொண்ட கிழியக் கத்தறது. கம்பெனில இருந்த வரைக்கும் யாரும் கேக்கல, வெளிய வந்து தனிப் பாலிசி எடுக்கும்போது ஃபார்ம்ல மொதப் பக்கத்துலயே புகையிலை கேள்வி, ஒரு நாளைக்கு எத்தன, எத்தன வருஷமா. அங்க "இல்ல"ன்னு எழுதிட்டு, மூணு வருஷம் கழிச்சு கேஸ் ஷீட்ல "பத்து வருஷமா வேப்"னு வந்துச்சுன்னா, மறைச்சுட்டன்னு பாலிசியவே ரத்து பண்ணலாம். 60 மாசம் தொடர்ந்து கட்டிட்டா அப்புறம் மோசடின்னு நிரூபிச்சாத்தான் கை வைக்க முடியும், அந்த 60 மாசத்த நம்பி பொய் எழுதறது குதிரைப்பந்தயம். வேலைய விடறதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிப் பாலிசிக்கு மாத்திக்கக் கேளுங்க, குரூப்ல இருந்த வருஷங்கள் காத்திருப்பு காலத்துல கழியும். ஏற்கனவே இருக்கற வியாதிக்கு அதிகபட்சக் காத்திருப்பு 2024 ஏப்ரல்ல இருந்து 36 மாசம், முன்னாடி 48.

ஈஎஸ்ஐ, முதலமைச்சர் காப்பீடு இதுலெல்லாம் கேப்பாங்களா?

ரெண்டுலயும் கேக்க மாட்டாங்க. ஈஎஸ்ஐல மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்க, கம்பெனி 3.25, நீங்க 0.75 சதவீதம், ஊதறவனுக்கும் ஊதாதவனுக்கும் அதே பிடித்தம். முதலமைச்சர் காப்பீட்டுல வருமானம் வருஷம் 1.20 லட்சத்துக்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்.

மேல கேஷ்லெஸ் ஆஸ்பத்திரியே கம்மி, என்ன பண்றது?

நெட்வொர்க்ல (இன்சூரன்ஸ் கம்பெனியோட ஒப்பந்தப் பட்டியல்) இல்லாத ஆஸ்பத்திரிலயும் கேஷ்லெஸ், அதாவது கையில காசு கட்டாம சேர்றது, கேக்கலாம்னு 2024 ஜனவரில அறிவிச்சாங்க, பிளான் பண்ணி சேர்றதுன்னா 48 மணி நேரம் முன்னாடி, எமர்ஜென்சின்னா சேந்து 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். ஆஸ்பத்திரியும் ஒத்துக்கணும், அதான் இழுபறி.

நியாயமில்லாம மறுத்தா?

முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுத்துல. 30 நாள் பதிலில்லன்னாலோ, வந்த பதில் ஒத்துவரலன்னாலோ சென்னையில இருக்கற இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம், 50 லட்சம் வரைக்குமான கேஸ் எடுப்பாங்க, பீஸ் இல்ல, வக்கீல் வேணாம். மறுப்புக் கடிதத்துல எந்த விலக்கு நம்பர்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது இல்லாத கடிதத்த வாங்கிட்டு வராதீங்க.

விட்டுட்டா எப்போ இருந்து "இல்ல"ன்னு எழுதலாம்?

ஃபார்ம் எந்தக் காலத்தக் கேக்குதோ அந்தக் காலம் முடிஞ்சப்புறம். டேர்ம் லைஃப்ல பெரும்பாலும் கடைசி 12 மாசம், அமெரிக்கா தனிப் பாலிசில 6 மாசம். "எப்போதாவது உபயோகித்ததுண்டா"ன்னு கேட்டா, விட்டு பத்து வருஷம் ஆனாலும் ஆமாம்னு எழுதி, நிறுத்தின தேதியப் பக்கத்துல போடணும். பேக்கரி வாசல் தம்பிகிட்ட இதச் சொன்னேன். மொபைல எடுத்து அன்னைக்கு தேதியக் குறிச்சுக்கிட்டான், குறிச்சுட்டு, "அண்ணா, நாளைல இருந்து போட்டுக்கறேன், இதுல இன்னும் பாதி இருக்கு"ன்னான்.